கத்திரிக்கோலா, வெள்ளை ஈயா, விதையா? வெண்டை மஞ்சளுக்கு எதை ஆதாரம்னு எடுத்துக்கிறது

ஏப்ரல் 5, இரவு 9:10 – அக்கா ஒருத்தர் போட்ட கேள்வி

மாடியில இருபது பை வெண்டை வச்சிருக்கேன். முதல்ல படிக்கட்டு பக்கம் இருந்த ஒரு செடி மஞ்சளாச்சு. அதுல காய் வெட்டின அதே கத்திரிக்கோலால வரிசையா மத்ததுலயும் வெட்டிட்டே போனேன். மூணே நாள்ல பக்கத்துல இருந்த நாலும் மஞ்சள். கத்திரிக்கோல்தான் வைரஸைப் பரப்புது, இதைவிட வேற என்ன ஆதாரம் வேணும்? எல்லாரும் ஒவ்வொரு செடிக்கும் டெட்டால்ல முக்கி எடுங்க.

ஏப்ரல் 5, இரவு 10:35 – என் பதில் (இதுக்குக் கீழ வர்றதும் எல்லாம் நான் எழுதினதுதான்)

அக்கா, கத்திரிக்கோலைக் கழுவுறது நல்ல பழக்கம், அதுல சண்டை இல்ல. ஆனா நீங்க சொன்னதுல கத்திரிக்கோலுக்கு எதிரா ஒண்ணுமே இல்ல. முதல்ல நாள் கணக்கே இடிக்குது. வைரஸ் உள்ள போன உடனே இலை மஞ்சளாகாது, அது பெருகி, சாறு ஓடுற குழாய் வழியா குருத்துக்குப் போய், அங்க புதுசா விரியிற இலையில நரம்பு வெளுத்துத் தெரியறதுக்கு ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும், பல சமயம் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். மூணு நாள்ல மஞ்சளாச்சுன்னா அந்த நாலும் நீங்க கத்திரிக்கோலைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருந்ததுங்க.

அடுத்தது, இது வெண்டைக்கு வர்ற மஞ்சள் நரம்புத் தேமல்தான்னா அந்த வைரஸ் சாறு பட்டு பரவற ஜாதியே இல்ல. வெள்ளை ஈ குத்தணும், இல்ல ஒட்டு கட்டணும். 1924ல பம்பாய் மாகாணத்துல இந்த நோயைப் பத்தி எழுதி வச்சாங்க, நூறு வருஷமா பாத்துட்டு வர்ற நோய். நோய் இலையை அரைச்சு நல்ல இலையில தேய்ச்சா வராதுங்கிறது பழைய பாடம்.

நீங்க பாத்தது என்னன்னா "இதுக்கு அப்புறம் அது" அவ்வளவுதான். நீங்க அந்த வரிசையில தண்ணியும்தான் ஊத்தியிருப்பீங்க. தண்ணிய ஏன் சந்தேகப்படல?

ஏப்ரல் 6, காலை 6:50

அக்கா போட்டோ போட்டதுக்கு அப்புறம்தான் பேசவே முடியுது. திருச்சி தம்பி இரும்புச்சத்து குறைன்னு சொல்லி பெரஸ் சல்பேட் ஊத்தச் சொல்லியிருக்கார். தம்பி, இலையை வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. இரும்புச்சத்து குறைன்னா நரம்பு பச்சையா நிக்கும், நடுவுல இருக்கிற சதை வெளுக்கும், குருத்து இலையில ஆரம்பிக்கும். மக்னீசியம் குறைஞ்சாலும் அதே மாதிரிதான், ஆனா கீழ் இலையில இருந்து மேல வரும். அக்கா போட்ட முதல் போட்டோவுல இருக்கிறது நேர் தலைகீழ். நடு நரம்பு, கிளை நரம்பு, அதுக்கும் கீழ மயிரிழை மாதிரி ஓடுற குட்டி நரம்பு வரைக்கும் மஞ்சள், நடுவுல கட்டம் கட்டமா பச்சை. இது வைரஸ் பக்கம்தான் சாயுது.

ஆனா நாலாவது போட்டோ? அது அடியில இருக்கிற முத்தின இலை, மொத்தமா ஒரே சீரா வெளுத்திருக்கு, குருத்து கருகருன்னு பச்சையா இருக்கு. அது வயசாகி உதிரப்போற இலை, இல்ல தழைச்சத்து குறை. அதையும் சேர்த்து "நாலு செடிக்குப் பரவிடுச்சு"ன்னு எண்ணிட்டீங்க. இப்ப மூணு. பரவுச்சா இல்லையான்னு விவாதம் பண்றதுக்கு முன்னாடி எத்தனை செடின்னாவது ஒழுங்கா எண்ணுவோம்.

ஏப்ரல் 6, மதியம் 1:15

அக்கா, மாடியில வெள்ளை ஈயே இல்லைங்கறீங்க. நடு உயரத்து இலையைத் திருப்பிப் பாத்தீங்களா? செடியை லேசா தட்டினா கிளம்புறது வளர்ந்த ஈ மட்டும்தான், குஞ்சு பறக்காது, இலைக்கு அடியில அப்பிக்கிட்டு வெளிர் மஞ்சளா செதில் செதிலா உக்காந்திருக்கும். காலையில வெயில் ஏர்றதுக்கு முன்னாடி பாருங்க, அப்பதான் சோம்பலா இருக்கும். மதியம் மாடியில நின்னு "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல"ன்னா அதை நான் எடுத்துக்க மாட்டேன்.

ஏப்ரல் 8, இரவு 11:05

நர்சரி வச்சிருக்கிற அண்ணன் கேட்டது நல்ல கேள்வி: "ஈ பரப்புச்சா, வரும்போதே இருந்துச்சான்னு வீட்ல இருந்துட்டு எப்படிப்பா பிரிக்கிறது?" இதுக்கு எங்க ஊர்லயே பதில் இருக்கு.

நாங்க சேலம் பக்கம், அப்பா காலத்துல இருந்து குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிதான், சேகோ மில்லுக்குப் போறது. மரவள்ளித் தேமல் வராத வருஷம் கிடையாது. எங்க அப்பா அதை வியாதின்னே சொல்ல மாட்டார், "இலை கொஞ்சம் கோணிக்கிட்டு வருது"ம்பார். அவரைப் பொறுத்தவரைக்கும் அது மண் சூடு, மழை பெஞ்சா சரியாப் போயிடும். மழை பெஞ்சா செடி கொஞ்சம் தெளியிற மாதிரி தெரியறது உண்மைதான், அதனாலதான் அந்த நம்பிக்கை இத்தனை வருஷமா நிக்குது.

மரவள்ளிக்கு வியாதி ரெண்டு வழியில வரும். ஒண்ணு நடுற கரணையிலயே இருக்கும், இன்னொண்ணு நட்ட அப்புறம் வெள்ளை ஈ கொண்டாந்து ஏத்தும். ஆப்பிரிக்காவுல இதை ஆய்வு பண்ணவங்க பிரிச்சுப் பார்த்த விதம் அவ்வளவு எளிசு. கரணை துளுத்து வர்ற முதல் இலையே கோணி, தேமலோட வந்தா அது கரணையோட வந்தது. அடி இலையெல்லாம் சுத்தமா விரிஞ்சு, மேல ஒரு உயரத்துக்கு அப்புறம் வர்ற இலை மட்டும் தேமல்னா அது வயல்ல ஈ கொடுத்தது. மிஷின் வேண்டாம், லேப் வேண்டாம். அந்தத் தண்டே எழுதி வச்ச டைரி.

இதை நான் ஊருக்குப் போனப்ப பார்த்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் "ஈ அடிச்சிடுச்சு"ன்னு மருந்து வாங்கப் போயிட்டிருந்தார். வரிசையில உக்காந்து பார்த்தா, நோய் இருந்ததுல முக்காவாசிக்கு மேல அடியில இருந்தே கோணல். அதாவது போன வருஷத்துக் காட்டுல வெட்டின கரணையிலயே வந்தது. மருந்து அடிச்சா ஈ சாகும், ஆனா அந்தச் செடிக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. அவர்கிட்ட சொன்னேன், "நீ டவுன்ல படிச்சவன்"னு சிரிச்சிட்டுப் போயிட்டார்.

இந்த வைரஸ் ரொம்ப தூரம் போறதும் குச்சி வழியாத்தான். இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ்னு ஒண்ணு, நம்ம பக்கமும் இருக்கு, அது 2015ல கம்போடியாவுல தென்பட்டுச்சு, அடுத்து வியட்நாம். இங்க இருந்து அங்க ஈ பறந்து போயிருக்கும்னு யாராவது சொல்லுவாங்களா? மனுஷன் கட்டி எடுத்துட்டுப் போன குச்சிக்கட்டைத்தான் சந்தேகப்படணும்.

ஆக அக்கா, உங்க வெண்டையில மஞ்சள் எத்தனாவது இலையில ஆரம்பிச்சிருக்குன்னு ஒவ்வொரு செடியா எண்ணிச் சொல்லுங்க. அடி இலைத் தழும்புல இருந்து எண்ணணும்.

ஏப்ரல் 9, காலை 7:30

"அப்ப கத்திரிக்கோல்ல பரவற வைரஸே கிடையாதா?"ன்னு கேட்டிருக்காங்க. தாராளமா இருக்கு. புகையிலைத் தேமல் வைரஸ் கை, கத்தி, துணி எல்லாத்துலயும் ஒட்டிட்டுப் போகும். 1886ல அடால்ஃப் மேயர் நோய் இலைச் சாறை எடுத்து நல்ல புகையிலைச் செடிக்குள்ள செலுத்திதான் இது ஒட்டுற நோய்னு காட்டினார், வைரஸ்னு ஒண்ணு இருக்குன்னே அப்ப தெரியாது. பதப்படுத்தின புகையிலையிலயும் அது உயிரோட கிடக்கும். எங்க மாமா பீடியும் கையுமா வந்து தக்காளிக்கு முட்டு கட்டித் தர்றேம்பார், நான் முதல்ல சோப்பைக் காட்டுவேன். அவருக்கு இன்னும் கோபம், தக்காளிக்காக மாமனை அவமானப்படுத்தினேன்னு எங்க அம்மாகிட்ட புகார்.

தக்காளியில கத்திரிக்கோல் குற்றவாளி ஆகலாம். வெண்டை மஞ்சள்ல ஆகாது. எந்த வைரஸ்னு தெரியாம எப்படிப் பரவுச்சுன்னு பேசுறது வீண் பேச்சு.

ஏப்ரல் 13, இரவு 8:45

அக்கா எண்ணி அனுப்பிட்டாங்க, பாராட்டணும், இங்க பாதிப் பேர் எண்ணவே மாட்டாங்க. மஞ்சளான எல்லாத்துலயும் அடி இலைகள் சுத்தம், ஏழெட்டு இலைக்கு மேலதான் ஆரம்பம். அப்ப விதையோட வந்ததா இருக்க வாய்ப்பு கம்மி, வளர்ந்த அப்புறம் வாங்கினது.

இப்ப "பக்கத்துப் பக்கத்துலதானே வந்துச்சு, அப்ப செடியில இருந்து செடிக்குத்தானே தாவியிருக்கு?"ங்கிற கேள்விக்கு வர்றேன். இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. தென் ஆப்பிரிக்காக்காரர் வாண்டர்பிளாங்க் 1946ல சொன்னது. ஒரு வரிசையில மொத்தம் எத்தனை செடி, அதுல நோய் எத்தனை, பக்கத்துப் பக்கத்துல நோயா நிக்கிற ஜோடி எத்தனைன்னு எண்ணுங்க. நோய் சும்மா அங்கங்க குருட்டாம்போக்குல விழுந்திருந்தா எத்தனை ஜோடி வரும்னு பாக்க, நோய்ச் செடி எண்ணிக்கையை அதைவிட ஒண்ணு குறைச்ச எண்ணால பெருக்கி மொத்தச் செடியால வகுக்கணும். இருபது பையில அஞ்சு நோய்னு வச்சுக்கோங்க, அஞ்சு நாலு இருபது, வகுத்தா ஒண்ணு. அதாவது எந்தத் தாவலும் இல்லாமலே சராசரியா ஒரு ஜோடி வந்துடும்! நம்ம கண்ணு அந்த ஒரு ஜோடியைப் பார்த்த உடனே "பாத்தியா, தாவிடுச்சு"ன்னு கதை கட்டிடும். அஞ்சும் ஒட்டி ஒட்டி நின்னு நாலு ஜோடி வந்தா அப்ப சந்தேகப்படலாம்.

அக்காவுக்கு முதல் செடியும் சேர்த்து நோய் நாலு, எல்லாம் ஒட்டியே நிக்குது, ஜோடி மூணு. கணக்குப்படி வர வேண்டியது 0.6. அப்ப கும்பலாத்தான் விழுந்திருக்கு, அக்கா பக்கம் ஒரு பாயிண்ட்.

ஏப்ரல் 14, காலை 9:00

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சதுல அந்த பாயிண்ட்டை முழுசா கொடுக்க மனசு வரல. கும்பலா இருக்குங்கிறது ஒரு விஷயம், பக்கத்துச் செடியில இருந்து தாவிச்சுங்கிறது வேற விஷயம். படிக்கட்டு பக்கம்னு சொன்னாங்களே, அந்தப் பக்கம் கைப்பிடிச்சுவர் இருக்கா, காத்து எந்தப் பக்கம் இருந்து வருது? வெள்ளை ஈ பெரிய பறவை இல்ல, காத்துல அடிச்சுட்டு வந்து முதல்ல தடுக்குற இடத்துல இறங்கும். ஐவரி கோஸ்ட்ல மரவள்ளிக் காட்டுல பார்த்தப்ப காத்து வர்ற ஓரத்துலதான் நோய் அதிகமா விழுந்துச்சு, வைரஸ் பெரும்பாலும் வெளியில இருந்து வந்துச்சு, காட்டுக்குள்ள செடிக்குச் செடி தாவினது கம்மி. உங்க நாலு செடியும் ஒரே நாள்ல கீழ் வீட்டுத் தோட்டத்துல இருந்து வந்த ஈ கூட்டத்துக்கு விருந்தாளியா இருந்திருக்கலாம்.

இன்னொண்ணு, நாத்து வாங்கி வச்சீங்களா, விதை ஊனினீங்களா? நாத்துத் தட்டுல பக்கத்துப் பக்கத்துல இருந்ததை அப்படியே வரிசையா எடுத்து நட்டிருந்தா நர்சரியில நடந்தது உங்க மாடியில கும்பலா தெரியும். நானே ஒரு தடவை ஒரு கடையில மிளகாய் நாத்து வாங்கி அப்படி ஏமாந்தேன், கடைக்காரர் "உங்க மாடி சரியில்ல"ன்னுட்டார்.

செடிக்குச் செடி தாவுதுன்னு சொல்லணும்னா கும்பல் இருந்தா போதாது, அந்தக் கும்பலோட ஓரம் வாரா வாரம் நகரணும். அதுவும் இடைவெளி விட்டு, வைரஸ் உள்ள ஊறுற காலத்துக்குப் பொருந்துற மாதிரி. ஒரே வாரத்துல நாலும் சேர்ந்து மஞ்சளாறது தாவல் இல்ல, எல்லாம் ஒண்ணா வாங்கினதுக்கான அடையாளம்.

ஏப்ரல் 21, இரவு 10:10

"பிசிஆர் பண்ணிட்டா முடிஞ்சது, இவ்வளவு பேச்சு எதுக்கு"ன்னு ஒரு சார். சார், பிசிஆர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்? இந்த இலையில இந்த வைரஸோட டிஎன்ஏ இருக்கா இல்லையா, அது மட்டும்தான். எப்ப வந்துச்சு, எது கொண்டாந்துச்சு, இந்த மஞ்சளுக்கு அதுதான் காரணமா, எதுவும் சொல்லாது. ஈயைப் பிடிச்சு அரைச்சு பிசிஆர் போட்டா பாசிட்டிவ் வரும், நோய்ச் செடியில சாறு குடிச்ச எந்தப் பூச்சியிலயும் வரும், அசுவினியிலயும் வரும். வயித்துல இருக்கிறது வேற, பரப்புறது வேற. இந்த வகை வைரஸ் வெள்ளை ஈயோட குடல்ல இருந்து உடம்புக்குள்ள போய், திரும்ப எச்சில் சுரப்பிக்கு வந்து, அதுக்கு அப்புறம்தான் அடுத்த செடிக்குப் போகும், அதுக்கே பல மணி நேரம் ஆகும். அசுவினிக்குள்ள அந்தப் பயணமே நடக்காது.

காரணம்னு நிரூபிக்கிறது எவ்வளவு வேலைன்னு பாக்கணும்னா நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்து 2003ல வந்த ஆய்வைச் சொல்லலாம். வெண்டை மஞ்சள்ல இருந்து வைரஸ் டிஎன்ஏவைத் தனியா பிரிச்சு, பாக்டீரியா வழியா நல்ல வெண்டைக்குள்ள ஏத்தினாங்க. மஞ்சள் நரம்பு வரல, இலை லேசா சுருண்டுச்சு, அவ்வளவுதான். கூடவே ஒட்டிக்கிட்டுத் திரியற பீட்டா சாட்டிலைட்ங்கிற குட்டி டிஎன்ஏ துண்டையும் சேர்த்து ஏத்தினப்பதான் அசல் மஞ்சள் நரம்பு வந்துச்சு. அதுவரைக்கும் வைரஸை மட்டும் தேடிப் பிடிச்சவங்க எல்லாரும் பாதிக் குற்றவாளியைத்தான் பிடிச்சிருந்தாங்க.

ஏப்ரல் 22, காலை 6:40

இல்ல சார், பிசிஆர் வேண்டாம்னு சொல்லல. நாலு முருங்கைக்காய் விலைக்கு கிடைச்சா நானும் பண்ணுவேன்.

மே 2, மதியம் 3:20

மிளகாய்ச் சுருட்டைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. போகட்டும், இதுவும் அதே வழக்குதான். தர்மபுரி அண்ணன் சொல்றார், சுருண்டு கிடந்த மிளகாய்க்கு புளிச்ச மோர் அடிச்சேன், பத்து நாள்ல தெளிஞ்சிடுச்சு, அப்ப மோர் வைரஸைக் கொல்லுதுன்னு.

அண்ணா, தெளிஞ்சிடுச்சுன்னா அது வைரஸ் இல்லைன்னுதான் நான் முதல்ல நினைப்பேன். இலை கீழ்நோக்கி கவுந்த படகு மாதிரி மடங்கி, காம்பு நீண்டு, இலையடி பழுப்பா மினுமினுன்னு இருந்தா அது முரணைச் சிலந்தி, கண்ணுக்கே தெரியாத அளவு. மேல்நோக்கி கிண்ணமா சுருண்டா இலைப்பேன். வைரஸ்னா இலை சின்னதாகி மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடிச்சு, கணு கிட்டக் கிட்ட வந்து செடி கொத்தா நின்னுடும், இலைப்பேனோட சேர்த்துக் குழப்பறது இதைத்தான். சிலந்திக்கு நனையும் கந்தகம் அடிச்சா அடுத்த தளிர் நேரா வரும். வைரஸ் ஏறின செடிக்கு எதை அடிச்சாலும் அடுத்த தளிரும் அதே கோணல்தான் வரும். அதனால நான் மருந்து அடிக்கிறதையே ஒரு சோதனையா வச்சுக்கிறேன், பழைய இலையைப் பாக்காம புதுசா வர்ற ரெண்டு மூணு தளிரை மட்டும் பாக்கிறேன்.

மோரை நான் கிண்டல் பண்ணல. புகையிலைத் தேமல் வைரஸ் விஷயத்துல பால் வேலை செய்யும்னு ஒழுங்கா சோதிச்சே பார்த்திருக்காங்க, கொழுப்பு நீக்கின பால் பவுடரை இருபது சதவீதம் கரைச்ச கரைசல்ல கையையும் கருவியையும் நனைச்சுட்டு வேலை பார்த்தா தொத்தறது குறையுது. ஆனா அது கையில இருக்கிற வைரஸை மடக்கறது. ஈ நேரா சாறுக்குழாய்க்குள்ள ஊசி போட்ட வைரஸை இலை மேல தெளிச்ச மோர் எப்படித் தேடிப் போய்ப் பிடிக்கும்? எந்த வைரஸ், எந்த வழி, திரும்பவும் அதே கேள்விதான்.

அடிக்காம விட்ட செடி ஒண்ணாவது வச்சிருந்தீங்களா அண்ணா? இல்ல. எல்லாத்துக்கும் அடிச்சிட்டீங்க. நடுவுல கோடை மழையும் பெஞ்சிருக்கு.

மே 3, காலை 7:05

அண்ணன் கோவிச்சுக்கிட்டார். "முப்பது வருஷ அனுபவத்தை ரெண்டு தளிரை வச்சு தூக்கிப் போடாத தம்பி." போடலைங்கண்ணா. முப்பது வருஷமா நீங்க பார்த்ததுல எத்தனை சிலந்தி, எத்தனை இலைப்பேன், எத்தனை வைரஸ்னு பிரிச்சு எழுதி வச்சிருந்தா அது இங்க இருக்கிற எல்லாத்தையும் விட பெரிய ஆதாரம். பிரிக்காததாலதான் மோருக்கு எல்லாப் பேரும் போகுது.

மே 11, இரவு 9:50

களை விஷயம். காலி மனையில நரம்பு மஞ்சளான பூம்புல்லு நிறைய இருக்கு, அதுல இருந்துதான் வெண்டைக்கு வந்திருக்கும்னு ஒரு படம் போட்டிருக்காங்க. ஊதா நிறத்துல பொடிப் பூ பூக்குமே, அந்தக் களை. பார்க்க அச்சு அசல் ஒண்ணுதான். ஆனா அந்தக் களையில மஞ்சள் நரம்பு உண்டாக்கற வைரஸ் தனி ஆள், வெண்டையோடது தனி ஆள், ரெண்டும் ஒரே குடும்பம். முகஜாடையை வச்சு எஃப்ஐஆர் போட முடியாது. களையை எடுக்கறது நல்லதுதான், வெள்ளை ஈக்கு அது வீடு. அந்தக் காரணத்துக்காக எடுங்க.

ஜாடை எப்ப ஆதாரம் ஆகும்னா இப்படி ஒரு கதை இருக்கு. ஜப்பான் பேரரசி கோக்கென் 752ல ஒரு பாட்டு எழுதியிருக்காங்க, கோடையிலயே ஒரு செடி மஞ்சளாகிக் கிடக்குன்னு. அந்தச் செடி இன்னைக்கும் ஜப்பான்ல இருக்கு, இன்னைக்கும் கோடையில நரம்பு மஞ்சளாகுது. 2003ல அதுக்குள்ள இருந்த வைரஸையும் சாட்டிலைட்டையும் பிரிச்சு, திரும்ப அதே செடிக்குள்ள ஏத்தி மஞ்சளை வரவச்சுக் காட்டினாங்க. அதுக்கு அப்புறம்தான் அந்தப் பாட்டைச் செடி வைரஸ் நோய்க்கான ரொம்பப் பழைய பதிவுன்னு உறுதியா சொல்ல முடிஞ்சுது. பாட்டு மட்டும் இருந்திருந்தா வறட்சின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். வெண்டை மாதிரியே வைரஸும் சாட்டிலைட்டும் ஜோடியா திரியுதுங்கிறதுதான் எனக்கு வேடிக்கை.

மே 19, காலை 8:15

விதை சேமிக்கறவங்களுக்குள்ள பெரிய சண்டை ஓடிட்டு இருக்கு. மஞ்சளான வெண்டையில விதை எடுக்கலாமா? பழைய பாடம் இது விதையில போகாதுன்னு சொல்லுது. இந்தக் குடும்பத்துல வேற சில வைரஸ் விதையில போகுதுன்னு சமீபமா ஆய்வு வந்திருக்கு, அதுலயும் அடிதடி இருக்கு. அடிதடிக்குக் காரணமே எது ஆதாரம்ங்கிறதுதான். விதையை அரைச்சு டிஎன்ஏ பார்த்தா பாசிட்டிவ் வருது, ஆனா அது தோல்ல ஒட்டியிருக்கா கருவுக்குள்ள இருக்கான்னு தெரியாது. அந்த விதையை ஈ புகாத வலைக்குள்ள முளைக்க வச்சு, முதல் இலையில இருந்தே நோய் வருதான்னு பார்க்கணும். வலை இல்லாம மொட்டை மாடியில முளைக்க வச்சு "பாருங்க, விதையிலேயே வந்துடுச்சு"ங்கிறதை நான் எடுத்துக்க மாட்டேன்.

நான் என்ன பண்றேன்? மஞ்சளானதுல விதை எடுக்கறதில்ல. வைரஸ் பயத்துல இல்ல, சீக்கிரம் மஞ்சளாகற செடியோட பிள்ளைங்களை எதுக்கு வளர்க்கணும். அதே தோட்டத்துல கடைசி வரைக்கும் பச்சையா நின்னதுல எடுக்கிறேன். அது எதிர்ப்பா, ஈ கடிக்காம தப்பிச்ச அதிர்ஷ்டமா? ஒரு செடியை வச்சு சொல்ல முடியாது, அதுல பொறந்ததை வரிசையா போட்டு ஈ இருக்கிற கோடையில நிக்க வச்சுதான் பார்க்கணும். அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி எல்லாம் தாங்குற ரகம்னு வந்ததுதான், இப்ப பல இடத்துல அதுவும் மஞ்சளாகுது.

மே 26, இரவு 10:30

"அப்ப நீங்க சொல்ற மாதிரி நிரூபிக்கற வரைக்கும் நோய்ச் செடியைப் பிடுங்காம வேடிக்கை பாக்கணுமா?" சூடான கேள்வி. இல்லவே இல்ல. ஒரு செடியைப் பிடுங்க எனக்கு அரை ஆதாரம் போதும். ஊர் பூரா "கத்திரிக்கோல்தான்"னு சொல்லித் தர்றதுக்கு முழு ஆதாரம் வேணும். ரெண்டுக்கும் ஒரே தராசு எதுக்கு?

வாழை முடிக்கொத்து நோயைப் பாருங்க. 1920கள்ல ஆஸ்திரேலியாவுல வாழைத் தோட்டம் எல்லாம் படுத்துப் போச்சு. மெகீன்னு ஒருத்தர் வாழை அசுவினியை நோய் வாழையில விட்டு, எடுத்து நல்ல கன்னுல விட்டு, ஈ எறும்பு புகாம வச்சுப் பார்த்து இதுதான் பரப்புதுன்னு காட்டினார். அதை வச்சே நோய் வாழையை வெட்டி அழிக்கணும், சுத்தமான கன்னுதான் நடணும்னு சட்டம் போட்டு தோட்டத்தை மீட்டாங்க. அந்த வைரஸைத் தனியா பிரிச்சுப் பார்த்ததே 1990 வாக்குலதான். பேர் தெரியாத குற்றவாளியை வழி தெரிஞ்சதால மட்டுமே தடுத்திருக்காங்க. நம்ம சிறுமலை, பழனி மலை விருப்பாச்சி வாழையை அதே நோய் வாரிட்டுப் போனப்ப ஒருத்தர் தோட்டத்துல வெட்டி அடுத்தவர் தோட்டத்துல விட்டா ஒண்ணும் நிக்காதுங்கறது மலைக்காரங்களுக்கே தெரியும்.

பிடுங்கும்போது ஒண்ணு மட்டும். செடியைச் சட்டுனு இழுத்து உலுக்கினா அடியில உக்காந்திருக்கற அத்தனை ஈயும் எந்திரிச்சு பக்கத்துச் செடியிலதான் போய் உக்காரும். விடியற்காலையில பெரிய பிளாஸ்டிக் கவரை மேல இருந்து கவுத்து, வாயை இறுக்கிக் கட்டி, அப்புறம் தண்டை வெட்டுங்க. காய்ச்சு முடிக்கப்போற செடியில கடைசியா மஞ்சள் வந்தா நான் பிடுங்கறதில்ல, காய் வெளுப்பா வந்தாலும் குழம்புக்கு ஆகும். சின்ன வயசுல வந்தாதான் மொத்தமா நஷ்டம்.

ஜூன் 3, காலை 6:20

அக்கா அடுத்த பட்டத்துக்குச் சோதனை பண்றேன்னு சொல்லிட்டாங்க. அவங்க போட்டிருந்த திட்டம்: பாதிக்கு கத்திரிக்கோலைக் கழுவறது, பாதிக்கு கழுவாம விடறது. பண்ணுங்க, ஆனா மாடியில இடது பாதி வலது பாதின்னு பிரிக்காதீங்க, படிக்கட்டு பக்கம் ஈ அதிகம்னா முடிவு அதுலயே சாஞ்சிடும். சீட்டு குலுக்கிப் போட்டு எந்தப் பை எதுக்குன்னு முடிவு பண்ணுங்க. கூடவே அஞ்சாறு பையை முளைச்ச நாள்ல இருந்தே பூச்சிவலைக்குள்ள வைங்க, அதே விதை, அதே மண் கலவை. வலைக்குள்ள பச்சையாவும் வெளிய மஞ்சளாவும் வந்தா விதையும் மண்ணும் விடுதலை. வலைக்குள்ளயும் கத்திரிக்கோலை நல்லா நோய்ச் செடியில நனைச்சு வந்து ஒரு பையில காய் வெட்டுங்க, அதுக்கு மஞ்சள் வருதான்னு மாசக்கணக்குல பாருங்க. வந்தா நான் இங்கயே உங்க கத்திரிக்கோலுக்கு மாலை போட்டு படம் போடறேன்.

தேதி, பை எண், எத்தனாவது இலை, மூணையும் மட்டும் எழுதுங்க. "கொஞ்சம் மஞ்சள்", "ஓரளவு சரி"ன்னு எழுதினா பின்னாடி நமக்கே புரியாது.

ஜூன் 4, இரவு 9:25

கடைசியா வந்த ரெண்டு கேள்விக்கும் சேர்த்து. வலைக்குள்ள தேனீ வராதே, காய் பிடிக்குமான்னா, வெண்டை தன் மகரந்தத்துலயே பிடிக்கும், பயம் வேண்டாம். பீர்க்கை, சுரைக்கு இது ஆகாது, நீங்கதான் சாயங்காலம் பூ விரியறப்ப தொட்டு விடணும். பப்பாளிக்கும் இதே மாதிரி மருந்து அடிச்சு வளையப்புள்ளி வைரஸைத் தடுக்கலாமான்னா, அது அசுவினி சமாச்சாரம், உக்காந்து ஒரு நிமிஷம் கூட வேண்டாம், வாயை வச்சுப் பாத்துட்டுப் பறக்கறதுக்குள்ள கொடுத்துட்டுப் போயிடும், மருந்து பட்டு சாகறதுக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கும். வீட்ல சாப்பிடற அளவுக்குன்னா கன்னா இருக்கறப்ப வலைக்குள்ள வளர்த்து, சுத்துவட்டத்துல பூசணி வகை இல்லாம பாத்துக்கோங்க, அதுக்கு மேல நம்ம கையில இல்ல.

வலை வாங்கப் போனா கடையில பச்சை நிழல்வலையை எடுத்துத் தருவாங்க, அதுல வெள்ளை ஈ குடும்பத்தோட ஊர்வலம் போகும். பூச்சிவலைன்னு கேளுங்க, நாப்பதுல இருந்து அம்பது மெஷ், வெள்ளை நைலான். அடி ஓரத்தை மண்ணுப் பையாலயோ செங்கல்லாலயோ சுத்தியும் அழுத்தி வைங்க, ஜிப் வச்சுத் தைச்சுட்டா இன்னும் நல்லது, கிளிப் போட்டு மூடறதுல எப்பவும் ஒரு ஓட்டை இருக்கும்.